மீதியைப் பிள்ளை சொல்லட்டும்

ஜனவரி 12

மதிப்பிற்குரிய பிரதர் அவர்களுக்கு,

இப்படித்தான் எழுத வேண்டுமாம். "மடத்துல இருக்கிற பிள்ளைய டேய் கீய்னு கூப்பிடாத" என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். நீ வெள்ளை அங்கியில் நிற்கிற படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனால் நீ. மூடிவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னாலும் நீ. துறவுக்குப் பழக்குகிற உங்கள் நவதுறவு இல்லத்தில் கைப்பேசி கூடாது என்பதால், வீட்டில் மை வருகிற பேனா ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என் தோளில் கை போட்டார். அவர் கை போட்டாலே ஏதோ வேலை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். "அடுத்த மாசம் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வச்சிருக்கேன். ஸ்தாபகர் எப்படிப் பாடம் நடத்தினாருன்னு சொல்ல அந்தச் சபையிலிருந்தே ஆள் வருது. யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்றார். நான் சொல்லவில்லை. அவர் சிரித்த சிரிப்பே சொல்லிவிட்டது.

அந்த ஸ்தாபகரை உனக்குக் காட்டியது யார்? பாலிடெக்னிக் படிக்கும்போது பங்கு நூலகத்தில் அட்டை இல்லாமல் கிடந்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தவன் நான். மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லப் போன ஒரு திக்குவாய்ப் பாதிரியார். பாதி வாக்கியத்தில் நாக்கு மாட்டிக்கொள்ளும். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பாவம் பார்த்து மீதியை அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். குறையையே முறையாக்கி ஒரு சபையைத் தொடங்கிவிட்டார் மனிதர். "ஆசிரியர் பாதி சொல்லட்டும், மீதியைப் பிள்ளை சொல்லட்டும், அதுவரை அவர் காத்திருக்கட்டும்." இதை நான் உனக்கு உருகி உருகி வாசித்துக் காட்டியபோது நீ என்ன கேட்டாய்? "ஏண்ணே, அவர யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலையா?"

அந்தச் சபையில் சேரப் போனதும் நான்தான். நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவன். ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள்; அடுத்த வருடம் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை விரட்டிவிட்டுத் தோழனுக்கு மாலை போட்ட கதை. என்னை அனுப்பும்போது உங்கள் நவதுறவு ஆசான் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "நீங்க ரொம்ப நல்லா பதில் சொல்றீங்க. எங்களுக்கு பதில் சொல்ற ஆள் வேண்டாம்."

சரி, வேண்டாம் என்றால் வேண்டாம். நான் லிஃப்ட் மெக்கானிக்காகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் பிள்ளைகளை உறுதிப்பூசுதல் சடங்குக்குத் தயார்படுத்துகிற சனிக்கிழமை சாயங்காலத்து வகுப்பு என்னுடையது. அந்த மனிதரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். வருவதானால் வா. பேசு. கைதட்டல் வாங்கு. மாதிரி வகுப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று என் பிள்ளைகள் மேல் மட்டும் கை வைக்காதே.

ஃபிரிட்ஜ் கதவில் படம் இல்லாத உன் அண்ணன்

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வருகிற கடிதங்களை ஆசான் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். உன்னுடையதைக் கொடுக்கும்போது, "உங்க அண்ணன் எழுத்து மாறவே இல்ல. காகிதத்துக்கு வலிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். தன்னைப் பற்றி நீ எழுதியதைப் படித்தாரா, படித்தும் படிக்காத மாதிரி இருந்தாரா, எனக்குத்...

மன்னித்துக்கொள். பழக்கம். இங்கே நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதே இப்படித்தான் ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் "அந்த உப்பைக் கொஞ்சம்..." என்று நிறுத்தினால் எதிரே இருப்பவர் புரிந்துகொண்டு நகர்த்த வேண்டும். சில நாள் உப்பில்லாமலே எழுந்திருக்கிறேன்.

நான் கேட்டு வாங்கி வரவில்லை அண்ணே. யாரை அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோது, "சொந்தப் பங்கு, வழி கேட்க வேண்டியதில்லை" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்துப் பள்ளியில் வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். பாதி சொல்லி நிறுத்துகிறேன். பிள்ளைகள் மீதியைச் சொல்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. ஆனால் எங்கேயோ ஏதோ ஒன்று... இதை உன்னிடம் நேரில்தான் பேச வேண்டும். இயந்திரத்தின் பழுதை நீ சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவன்.

டாக்டர் கேள்வியை இங்கேயும் கேட்டேன், தெரியுமா? எல்லோரும் சிரித்தார்கள். ஆசான் மட்டும் சிரிக்கவில்லை. "யாராவது அவரைக் குணப்படுத்தியிருந்தா நமக்கு சபையே கிடையாது" என்றார்.

எந்த வகுப்பு என்று பங்குத்தந்தைக்கு நான் எதுவும் சொல்லமாட்டேன். உன்னுடையதைக் கொடுத்தால் மறுக்கப் பார்க்கிறேன். மறுக்க முடியாமல் போனால் நீ...

அன்புடன் உன் தம்பி

*

பிப்ரவரி 10

பிரதர்,

"மறுக்க முடியாமல் போனால் நீ..." என்று புள்ளி வைத்திருந்தாய். மீதியை நானே போட்டுக்கொண்டேன்: "நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்." உட்கார்ந்தேன். மண்டபத்தின் கடைசி வரிசை, ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி. என் கோபத்தின் எடையை அது தாங்கியதே பெரிய விஷயம்.

என் பிள்ளைகளைத்தான் வரிசையாகக் கொண்டுவந்து உன் முன்னால் உட்காரவைத்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் நெற்றியில் முடி விழுந்து ஒரு பெண் இருந்தாளே, அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூட்டு. இரண்டு வருடமாக என் வகுப்பில் வாயைத் திறந்ததே இல்லை. நானும் எத்தனையோ சாவி போட்டுப் பார்த்தேன். கேள்வி, கெஞ்சல், அதட்டல், மிட்டாய். மிட்டாயைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தாள்.

நீ எழுந்தாய். சத்தமே வராத குரலில் ஆரம்பித்தாய். "எல்லாமே நம்ம கைய விட்டுப் போற நேரத்துல, கடவுள் நம்மள..." என்று நிறுத்தினாய். நிறுத்தியவன் நின்றுகொண்டே இருந்தாய். என் நாக்கு நுனியில் "கைவிடமாட்டார்" வந்து துடித்தது. புத்தகத்தில் இருக்கிற பதில் அதுதானே. யாராவது சொல்லித் தொலையுங்களேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எழுந்தாள். பேசினாள். கரகரத்த குரல் அவளுக்கு. அது கரகரத்த குரல் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்ன சொன்னாள் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வருடம் என்னிடம் பேசாதவள் இரண்டு நிமிடத்தில் உன்னிடம் பேசிவிட்டாள். பாடகர் குழு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பங்குத்தந்தை திரும்பி என்னைப் பார்த்தார். அந்த "ஐயோ பாவம்" பார்வைக்கு நீ என்னை லிஃப்ட் குழியில் தள்ளியிருக்கலாம்.

அதற்கு மேல் வாசலில் ஓடிவந்து கையைப் பிடித்தாயே. "அண்ணே, இந்த வகுப்ப இனிமே நீ..." என்று இழுத்தாய்.

"விட்டுடணும், அதானே? விட்டாச்சு, போ."

சொன்னபடி செய்துவிட்டேன். வகுப்பறைச் சாவியைப் பங்குத்தந்தையின் மேசையில் வைத்தேன். "கோபத்துல குடுக்கறீங்க" என்றார். "கோபத்துல குடுத்தாலும் சாவி சாவிதான் ஃபாதர், கதவு திறக்கும்" என்றேன். பாடகர் குழு டீச்சருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அம்மா உன் பேச்சைப் பற்றி அடுத்த வீட்டில் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. "சின்னவன் பேசினா பூ விழற மாதிரி இருக்கு" என்கிறாள். நான் பேசினால் என்ன விழும் என்று யாரும் கேட்கவில்லை, தெரியும் போலிருக்கிறது.

இனி எழுதாதே.

*

பிப்ரவரி 19

அண்ணே,

எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் எந்த வாக்கியத்தையும் பாதியில் விடப்போவதில்லை. பாதியில் விட்டால் நீ புகுந்து முடித்துவிடுவாய்.

சின்ன வயதில் கடைக்காரர் என்னைப் பார்த்து "உனக்கு என்னப்பா வேணும்?" என்பார், நீ பதில் சொல்வாய். ஆறாம் வகுப்பில் பல் வலித்தபோது டாக்டர் என்னிடம்தான் கேட்டார், எந்தப் பல் என்று. நீ விரல் விட்டுக் காட்டினாய். நீ காட்டியது பக்கத்துப் பல். எனக்கு ஒரு நல்ல பல் போய், வலித்த பல் அப்படியே இருந்தது. "உன் சின்னவன் என்ன ஆகப்போறான்?" என்று மாமா அம்மாவிடம் கேட்டபோது "என்ஜினியர்" என்றாய். அன்று நான் உங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, இந்த வீட்டின் வரவேற்பறையில் ஆசான் என்னைப் பார்த்து, "நீங்க என்ன..." என்று நிறுத்தினார். நீ பெட்டியைப் பூட்டிவிட்டோமா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் காத்திருந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்குப் பிறகு வெறும் அமைதி இருந்தது. அதில் நான் பேசலாம். அதற்காகத்தான் இங்கே வந்து சேர்ந்தேன். உன் இடத்தைப் பிடிக்க வரவில்லை. எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, வந்தேன்.

ஸ்தாபகர் உன் ஆள் என்கிறாய். இருக்கட்டும். புத்தகம் நீ கண்டெடுத்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தன் நாக்கோடு பட்ட பாட்டை நீ படித்தாய், நான் பட்டேன். என் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் நீ இருந்தாய்.

வாசலில் நான் சொல்ல வந்தது நீ சொன்னது அல்ல. என்னவென்று நான் இப்போது எழுதமாட்டேன். நீ கேட்டால் எழுதுகிறேன். "தெரியும் தெரியும்" என்று அல்ல, கேள்வியாகக் கேட்டால்.

தம்பி

*

மார்ச் 3

டேய்,

அம்மாவின் உத்தரவு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை, தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஆகவே டேய்.

பல் விஷயத்துக்கு நான் என்ன செய்வது? போன பல்லை இப்போது வைக்க முடியாது. அன்றைக்கே "இது இல்ல" என்று நீ சொல்லியிருக்கலாமே என்று எழுத வந்தேன். உன் வாய்க்குள் அப்போது என் விரல் இருந்தது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வாரம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் கதவு சென்சார் மாற்றப் போனேன். திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலை. காவல்காரர், "உங்க வீட்ல யாரும் இல்லையா சார்?" என்று கேட்டேவிட்டார். அடுத்த வாரம் கோயில் பக்கம் போனேன். செருப்பு அறுந்த மாதிரி ஜன்னலுக்குக் கீழே குனிந்து நின்றேன். பாடகர் குழு டீச்சர் பத்துக் கட்டளைகளையும் ராகம் போட்டுப் பாடவைக்கிறார். "களவு செய்யாதிருப்பாயாக" என்பதைத் தாலாட்டு மாதிரி பாடினால் எவன் திருடாமல் இருப்பான்? பூட்டு வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. அதைப் பார்த்து எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். டீச்சரிடமும் பேசவில்லை என்று. உன்னைப் பார்த்து வயிறு எரிந்தது போதாதென்று இப்போது ஒரு ஆர்மோனியத்தைப் பார்த்தும் எரிகிறது. இத்தனை பேரைப் பார்த்து எரிந்தால் ஒருவன் எப்போது வேலைக்குப் போவது?

சரி. வாசலில் என்ன சொல்ல வந்தாய்?

கேள்விக்குறி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கேள்விக்குறியை ஆசானிடம் காட்டினேன். "பத்திரமா வச்சுக்கோங்க" என்றார்.

வாசலில் சொல்ல வந்தது இதுதான்: "அண்ணே, இந்த வகுப்ப இனிமே நீ நடத்தறப்போ, ஒரு நாள் என்னையும் பின்னால உட்கார விடு."

ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று உன் காதில் விழவில்லை என்று எழுதியிருந்தாய். என் காதில் விழுந்தது. "கைவிடமாட்டார்" என்று அவள் சொல்லவில்லை. "இறுக்கிப் பிடிப்பார்" என்றாள். இந்தச் சொல் எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் கிடையாது. கூட்டம் முடிந்ததும் அவளிடம், "இது உனக்கு எங்கேருந்து கிடைச்சது?" என்று கேட்டேன்.  "கரண்ட் போனா லிஃப்ட் கீழ விழாது. கரண்ட் இருந்தாத்தான் பிரேக் விடும். கரண்ட் போயிட்டா ஸ்பிரிங் இறுக்கிப் பிடிச்சுக்கும். லிஃப்ட் சார் சொன்னாரு" என்றாள்.

அவள் என்னிடம் பேசவில்லை அண்ணே. நீ சொன்னதை எனக்குச் சொன்னாள். இரண்டு வருடமாக உன் எல்லாச் சொல்லையும் வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள். வெளியே எடுக்க ஒரு இடைவெளி தேவைப்பட்டது. இடைவெளி மட்டும்தான் என்னுடையது. சொல் உன்னுடையது.

இப்போது என் பக்கம். என் வகுப்பில் பிள்ளைகள் மீதியைச் சொல்கிறார்கள் என்று முன்பு எழுதினேன். என்ன சொல்கிறார்கள் தெரியுமா? எனக்குப் பிடித்ததை. என் முகத்தைப் பார்த்து, நான் எதைக் கேட்டால் தலையாட்டுவேனோ அதை. ஒருவன்கூட எதிர்த்துக் கேட்டதில்லை. உன் வகுப்பில் ஒரு பையன் உன்னிடம், "சார், அந்த ஸ்பிரிங்கும் உடைஞ்சா?" என்று கேட்டானாமே. அதையும் அவள்தான் சொன்னாள். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க இங்கே ஒரு பிள்ளை இல்லை. மண்டபத்தில் இடைவேளையின்போது அத்தனை பேரும் என்னைத் தாண்டிக்கொண்டு உன்னிடம் ஓடியதைப் பார்த்தேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய், உனக்குத் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இதை ஆசானும் கண்டுபிடித்துவிட்டார். பயிற்சி முடிந்து துறவியாக நான் கொடுக்க வேண்டிய முதல் வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். "நீங்க காத்திருக்கறீங்க, ஆனா உங்களுக்கு வேண்டிய பதிலுக்காகக் காத்திருக்கறீங்க" என்றார். இன்னும் ஒரு வருடம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று...

இதை மட்டும் நீ முடித்துக் கொடு.

தம்பி

*

மார்ச் 25

தம்பி,

உன் வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போட்டார்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்து என்ன பயன்? உங்கள் ஆசான் படித்தாலும் பரவாயில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றுதான் படித்தேன். "அப்படிப் போடு" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் நான் கிரிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்து, "எத்தனை விக்கெட்?" என்றார். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு சந்தோஷம் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. ஒரு வருடம் முடிந்து திருப்பி அனுப்பப்படுகிறவனுக்குப் பெட்டி எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது வேண்டாம். நீ அங்கேயே இரு. ஒட்டிக்கொண்டு இரு.

அம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை: "சின்னவனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்." அழுதாள். பிறகு, "அவங்களுக்கு ஆள் எடுக்கத் தெரியல" என்றாள். என்னைத் திருப்பி அனுப்பியபோதும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னாள் என்று அவளுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். இதற்குத் தட்டுச் சத்தமே தேவலாம் என்று தோன்றுகிறது.

"இறுக்கிப் பிடிப்பார்" என்பதை நான் எப்போது சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே இல்லை. பிரேக்கைப் பற்றி ஏதோ உளறியிருப்பேன். எனக்கே ஞாபகம் இல்லாத ஒன்றை அவள் வைத்திருக்கிறாள் என்றால், வேறு என்னென்ன வைத்திருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.

பங்குத்தந்தையிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். "டீச்சருக்குக் குடுத்ததைப் பிடுங்க முடியாது. வேணும்னா உதவியாளரா சேர்ந்துக்கோங்க" என்றார். டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார்: பின்னால் உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது. ஸ்தாபகரின் வாயைக் கட்டியது நாக்கு. என் வாயைக் கட்டியது டீச்சர். ஸ்தாபகரைப் பொறுமைசாலி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது. அவரை எனக்கு முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கிறது.

போன சனிக்கிழமை போனேன். பின்வரிசையில் பூட்டுக்குப் பக்கத்து இடம்தான் காலி. உட்கார்ந்தேன். கட்டளைகள் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தன. ஐந்தாவதோ ஆறாவதோ போகும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"சார், நீங்க ஏன் போயிட்டீங்க?"

வேலை இருந்தது என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். டீச்சர் முறைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னேன்: "பொறாமை."

"யார் மேல?"

"என் தம்பி மேல."

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது: பொறாமை தப்பு, காயீன், ஆபேல், ஊதாரி மகனின் அண்ணன், எல்லோரும் வரிசையில் நின்றார்கள். டீச்சருக்குப் பயந்து விழுங்கினேன். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. இவள் இனிமேல் பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"எனக்கும் ஒரு தம்பி இருக்கான் சார்" என்றாள்.

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. அவன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவனுக்கு நிறுத்தாமல் பேச வருமாம். வீட்டில் எல்லோரும் அவன் வாயைத்தான் பார்ப்பார்களாம். "நான் ஒண்ணு சொல்ல வந்தா, அவன் அதுக்குள்ள சொல்லிடுவான் சார்." அந்தக் கரகரத்த குரலுக்கு மெதுவாகப் பேசத் தெரியவில்லை. ஆர்மோனியம் நின்றது. டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பேசறதா இருந்தா ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசுங்க."

போனோம். தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு மீதியைச் சொன்னாள். பங்குத்தந்தை அந்தப் பக்கம் வந்தவர், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட உறுதிப்பூசுதல் ஆசிரியரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வந்த வழியே திரும்பிப் போனார்.

கதை முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. அவள் தம்பிக்கு நான்கு வயது வரைதான் வந்திருக்கிறோம். எங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டேன்: சனிக்கிழமை சாயங்காலம் லிஃப்டில் மந்திரியே மாட்டிக்கொண்டாலும் வேறு ஆளை அனுப்புங்கள் என்று.

உன் அண்ணன்